அம்மாள் வந்த வீட்டில் ஊசி

1

இந்த வாரம் எங்கள் முதியோர் இல்லத்தில் மறுபடியும் முகக்கவசம் வந்துவிட்டது. மேல்மாடியில் சிலருக்குக் கொரோனா. இப்போது அந்தப் பெயரைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை, சளி, தடிமன் என்று சொல்கிற மாதிரித்தான் சொல்கிறார்கள். ஆனால் மேல்மாடியில் இருப்பவர்களில் பலருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அவர்களுக்கு இது இன்னும் தடிமன் ஆகவில்லை.

நான் ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊரில் இருக்கிறேன். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ரயில் ஓடுகிற ஊர். வந்த புதிதில் அதில் ஏறப் பயந்து நடந்தே வேலைக்குப் போனவள், இப்போது அதிலேயே தூங்கவும் பழகிவிட்டேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் வேலை. முழுக வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, ஊட்டிவிடுவது, பேச்சு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. ஊசி மட்டும் போடக்கூடாது. அதற்குத் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும். இந்த நாட்டில் எதற்குத்தான் வேண்டாம்!

செவ்வாய்க்கிழமை காலை, பெக்கர் அம்மையார் காய்ச்சலோடு சுருண்டு படுத்திருந்தார். ரொட்டித் தட்டைக் கையால் தள்ளிவிட்டார். தாதி இன்சுலினோடு வந்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "சாப்பாடும் இல்லை, ஊசியும் இல்லை. என்னைச் சும்மா விடுங்கள்" என்றார்.

தாதி இளம்பெண், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன். "காய்ச்சல் வந்தால், சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும், அம்மையாரே. எவ்வளவு போடுவது என்று டொக்டரிடம் கேட்போம். ஒன்றுமே போடாமல் இருக்க மட்டும் நான் விடமாட்டேன்" என்றேன். என் குரல் அறைக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். அம்மையார் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இவளுக்கு என்ன வந்தது?" என்று தாதியிடம் கேட்டார்.

எனக்கு வந்தது வைகாசி. வைகாசி பிறந்தால் எங்கள் ஊரில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கும். வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான் திறக்கும். அந்த நாட்களில் நான் ஜெர்மனியில் இருந்தாலும் என் புத்தி அங்கேதான் இருக்கும். கொரோனாப் பயணத் தடைக் காலத்து வைகாசி ஒன்றை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

2

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மண்டூரிலிருந்து வெல்லாவெளி போகிற பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வயல். அங்கே என் அண்ணன் இருக்கிறார். பெயர் தம்பிராசா, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். விதானையார் என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்போம். அந்த வட்டைக்குத் தண்ணீர் திறப்பது, யாருடைய வரம்பை யார் வெட்டினார்கள் என்று வழக்குத் தீர்ப்பது, எல்லாம் வட்டை விதானையின் வேலை. பல வருஷம் அண்ணன்தான் விதானை. அவர் ஒரு முடிவு சொன்னால் சொன்னதுதான். வயலுக்கு அது நல்ல குணம். வருத்தக்காரனுக்கு அது நல்ல குணமில்லை.

சீனி எங்கள் குடும்பத்தில் சொத்து மாதிரி இறங்குகிறது. அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு வந்தது, பிறகு எனக்கும் வந்தது. எனக்குக் குளிசையோடு, அதாவது மாத்திரையோடு நிற்கிறது. அண்ணனுக்கு இன்சுலின். அவரே சிரிஞ்சில் இழுத்து, சட்டையைத் தூக்கி, யாரும் பார்க்காமல் போட்டுக்கொள்வார். பூமணி மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என்னை 'மச்சி' என்று கூப்பிடுகிற மச்சாளைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். அண்ணன் இருக்கிற வீடு மச்சாளின் தாய் மச்சாளுக்குக் கொடுத்தது. ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற விதானையார் சட்டப்படி பூமணி வீட்டில் குடியிருக்கிறவர். மச்சாள் இதை ஒருநாளும் வாயால் சொல்லிக்காட்டியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

பயணத் தடை வந்தபோது எனக்கு முதலில் வந்த யோசனை இன்சுலின்தான். கிளினிக் வாவிக்கு அக்கரையில் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் வாவியைக் கடப்பது 'பாதை' என்று நாங்கள் சொல்கிற தட்டைப் படகில்தான், அது நின்றுவிட்டது. குளிசைகள் தபாலில் வந்தன. இன்சுலின் குளிரில் வர வேண்டியதென்பதால் வரவில்லை.

இங்கிருந்து சீனி பார்க்கிற பட்டிகளையாவது அனுப்பலாம் என்று தபால் அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். மருத்துவப் பொருளா என்றார்கள், ஆம் என்றேன். அப்படியானால் வேறு படிவம். நிரப்பிக் கொடுத்தேன். அதை வாங்கி முத்திரை குத்தும் வேளையில் அந்த அலுவலர், "ஆனால் இலங்கைக்கு இப்போது பொதி எடுப்பதில்லை" என்றார். அதை முதலிலேயே சொல்ல உமக்கு வாய் வரவில்லையா என்று தமிழில் கேட்டுவிட்டு, ஜெர்மனில் நன்றி சொல்லி வந்தேன்.

கடைசியில் இன்சுலின் வந்தது மீன்பெட்டியில். வாவியில் மீன் பிடிக்க அனுமதி இருந்தது. மச்சாள் ஒரு மீன்காரரைப் பிடித்து, அக்கரையில் கிளினிக்காரரோடு போனில் பேசி, மருந்தை அவரிடம் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார். நான் இங்கிருந்து கத்திக்கொண்டிருந்தேன்: "மச்சாள், ஐசில நேர முட்டப்படாது! உறைஞ்சா பழுதாப் போயிரும். துணியில சுத்தி வைக்கச் சொல்லுங்க!"

"சுத்தித்தான் வந்திரிக்கு மச்சி. மீனும் இறாலும் மணக்குது, ஆனா உறையல்ல" என்று மச்சாள் புட்டியைக் கமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மருந்து வீட்டுக்குள் வந்துவிட்டால் அது உடம்புக்குள்ளும் போய்விடும் என்று நினைத்துவிட்டேன்.

3

அண்ணன் கவனமில்லாத மனிதர் இல்லை. முகக்கவசம் இல்லாமல் வாசல் படலை தாண்டமாட்டார். "மண்டூர்க் கோயிலில வாயைக் கட்டித்தான் பூசை செய்யிற. எங்களுக்கு இது என்ன புதினம்?" என்பார். தடுப்பூசி எங்கள் ஊருக்கு அப்போது வந்து சேரவில்லை. இருந்தும் எப்படியோ வந்தது காய்ச்சல். கோயில் கதவு திறந்த கிழமையிலேயே வந்தது.

சுகாதாரப் பரிசோதகர் வந்து சோதித்து, கொரோனா என்று சொல்லி, படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. மூச்சு நன்றாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். எங்கள் பகுதி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டொக்டர் ஒவ்வொரு நாளும் போனில் விசாரிப்பார். ஒட்சிசன் பார்க்க விரலில் மாட்டுகிற கருவியும் வீட்டில் இருந்தது.

மச்சாள் வீடியோவில் படலையைக் காட்டினார். ஒரு தூணில் அறிவித்தல். மறுதூணில் வேப்பிலைக் கட்டு.

"அதென்ன மச்சாள் வேப்பிலை?"

"அம்மாள்ர கிழமையில வந்த காய்ச்சல் மச்சி. சும்மா விடலாமா?"

எங்கள் பக்கத்தில் அம்மை, சின்னமுத்து வந்தால் 'அம்மாள் வந்திருக்கிறா' என்போம். வேப்பிலை கட்டுவோம். வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளாள் வெளியே போகக்கூடாது. சத்தம் போடக்கூடாது. உடம்பைக் குளிர்த்த வேண்டும். யோசித்துப் பார்த்தால் அந்த அறிவித்தலில் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதுதான். வேப்பிலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, தைரியம்தான் வந்தது. என் வீட்டு அலுமாரியிலும் கண்ணகி அம்மன் இருக்கிறா.

பிறகு அண்ணனிடம் வழக்கம்போல் கேட்டேன்: "சீனி எவ்வளவு?"

"பாக்கல்ல."

"ஊசி?"

அண்ணன் முகத்தைத் துவாயால் துடைத்தார். "ஊசி போட்டீங்களா அண்ணன்?" என்று மறுபடி கேட்டேன்.

"என்ன புள்ள கதைக்கிறாய்? அம்மாள் வந்த உடம்பில ஆராவது ஊசி குத்துவாங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஊசியைத் தொடவில்லை. அம்மை போட்ட உடம்பில் ஊசி ஏற்றக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது, அம்மாள் கோபிப்பா என்பது எங்கள் ஊர்ப் பழைய பயம். அது கொரோனாவுக்கும் வந்து, அங்கிருந்து இன்சுலினுக்கும் வந்துவிட்டது. மீன்பெட்டியில் வாவி கடந்து வந்த மருந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் அப்படியே இருந்தது.

"சோறும் இறங்குதில்ல. சாப்பிடாத உடம்புக்கு என்னத்துக்கு ஊசி?" என்றார் அண்ணன். "தாகம்தான் தாங்கேலாம இரிக்கு. அம்மாள்ர தணல். பூமணி இளநி வெட்டி வெட்டித் தாறா."

"அது அம்மாள்ர தணல் இல்ல அண்ணன்! சீனி கூடினா வாற தாகம் அது. இளநியில சீனி இல்லையா? குடிக்கக் குடிக்க ஏறும், ஏற ஏறத் தாகம் வரும். வெறும் தண்ணிய குடிங்க!"

"அம்மாள் இரிக்கிற வீட்டில சத்தம் போடாத" என்று அவர் போனை மச்சாளிடம் கொடுத்துவிட்டார்.

4

அடுத்த நாள் வேலையிடத்தில் என்னால் நிற்க முடியவில்லை. மேலாளரிடம் போய், நேரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். பதற்றத்தில் வந்த ஜெர்மன்: "என் அண்ணனுக்கு வருத்தம். வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறார்."

"நல்லதுதானே," என்றார் அவர் கனிவாக. "அம்மா பார்த்துக்கொள்வார்."

அதை விளங்கப்படுத்த எனக்கு அன்று தெம்பு இல்லை. ஆம், பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டொக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். அண்ணன் அவரிடம், "ஓம் டொக்டர், எல்லாம் போடுறன் டொக்டர்" என்று சொல்லியிருந்தார். டொக்டர் என்னைத் திட்டவில்லை, அண்ணனையும் திட்டவில்லை. "அக்கா, இப்படி நிப்பாட்டின ஆள் இவர் மட்டுமில்ல. காய்ச்சல் நேரம் சாப்பாடு குறைஞ்சா ஊசியின்ட அளவ மாத்தலாம், அத நாங்க சொல்லுவம். ஆனா முழுசா நிப்பாட்டினா இரத்தம் நஞ்சாகிரும். வைரஸ் ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம் இழுத்தா மனிசன் தாங்காது. இப்பவே ஒருக்காச் சீனி பாத்து எனக்குச் சொல்லச் சொல்லுங்க. வாந்தி சத்தி, மூச்சு வாங்கல், மயக்கம், வயித்து நோவு இதுல எது வந்தாலும் அம்புலன்ஸுக்கு அடிக்கணும்" என்றார்.

கட்டாடியாரிடம், அதாவது எங்கள் கோயில் பூசகரிடம், ஒரு வார்த்தை கேட்கலாம் என்று பார்த்தேன். அவர் சொன்னால் அண்ணன் கேட்பார். ஆனால் கதவு திறந்துவிட்டால் கட்டாடியார் கோயிலை விட்டு வரமாட்டார், போனும் வைத்திருக்கமாட்டார். அந்த வருஷம் கோயிலுக்குள் சனமும் இல்லை, உள்ளே விடவில்லை. அம்மாளும் கட்டாடியாரும் இன்னும் ஓரிருவரும்தான்.

ஆகவே நான்தான். அண்ணனைக் கூப்பிட்டேன். கெஞ்சினேன், அதட்டினேன், அப்பாவின் காலை நினைவுபடுத்தினேன். சீனி முற்றிப்போய், பெருவிரலில் தொடங்கிய புண்ணோடு அப்பா போனதை அண்ணனும் மறக்கவில்லை. ஆனாலும் அசையவில்லை, விரலைக் குத்திச் சீனி பார்க்கவும் விடவில்லை. "அப்பாட கால் வேற. இது அம்மாள்ர காரியம்" என்று ஒரே பிடி. வட்டையில் எத்தனை பேரோடு வாதாடிய மனிதர்! அவரை வாதாடி வெல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

என் மகள் அபிரா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தமிழில் நான் கேட்பேன், ஜெர்மனில் அவள் பதில் சொல்வாள். அது எங்கள் வீட்டு ஒப்பந்தம். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள், "மாமாவுக்கு ஏன் ஊசி வேண்டாம்?" என்று கேட்டாள். அம்மாளைப் பற்றிச் சொன்னேன். "சாமிக்குக் கோபம் வரும் என்றால் அந்தச் சாமியிடம் கேட்கலாமே" என்றாள். அவளுக்கு அது அவ்வளவு லேசு. எனக்கு எரிச்சல் வந்தது.

5

மறுநாள் எனக்கு விடுமுறை. அங்கே பின்னேரம். வீடியோவில் அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. மச்சாள் பிடிவாதமாக விரலைக் குத்திச் சீனி பார்த்துவிட்டார். நானூறுக்கு மேலே. விரல் கருவியில் ஒட்சிசன் நன்றாகவே இருந்தது. கொரோனா அவரை இன்னும் பிடிக்கவில்லை, சீனி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணன்," என்றேன். "கேக்குதா?"

"கேக்குது. சத்தம் போடாத புள்ள."

எனக்கு அழுகைதான் வந்தது. அப்போது அபிரா என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளுடைய உடைந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, உரக்கக் கேட்டாள்:

"மாமா. நீங்கள் சாக விருப்பமா?"

வருத்தக்காரனுக்கு முன்னால் அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை. 'ஒரு மாதிரிப் போயிரும்', 'கை விட்டுரும்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வோம். அவளுக்கு அந்தச் சுற்றுவழி ஒன்றும் தெரியாது. அவளிடம் இருந்த தமிழில் அதற்கு ஒரு சொல்தான் இருந்தது. நான் போனைப் பறிக்கப் போனேன்.

அதற்குள் மச்சாளின் முகம் மாறிவிட்டது. போனை அலுமாரியில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். குளிர்சாதனப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. இன்னொரு போனில் டொக்டரைக் கூப்பிட்டார். "டொக்டர், விதானையாருக்குச் சீனி நானூறுக்கு மேல. சத்தி இல்ல, மூச்சு நல்லாயிரிக்கு. எவ்வளவு போட? நான்தான் போடப்போறன். எனக்குத் தெரியா, சொல்லித்தாங்க."

டொக்டர் அளவைச் சொன்னார். இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். புட்டியை உருட்டச் சொன்னார், காற்றுக் குமிழ் இல்லாமல் இழுக்கச் சொன்னார். ஊசியைக் கண்டால் முகம் திருப்புகிற மச்சாள் அதையெல்லாம் செய்வதை நான் வுப்பர்டாலில் இருந்து பார்த்தேன்.

"பூமணி, வேணாம்" என்றார் அண்ணன்.

மச்சாள் ஊசியோடு வாசலைப் பார்த்துத் திரும்பினார். வேப்பிலை கட்டியிருந்த படலைப் பக்கம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிற மாதிரி அம்மாளோடு பேசினார்.

"தாயே, இது என்ட வீடு. என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. உனக்கு வேப்பிலை கட்டினதும் நான்தான், தண்ணி தெளிச்சதும் நான்தான். இந்த மனிசன் என்ட வீட்டுக்கு வந்தவர். இவருக்கு நான்தான் பொறுப்பு. குத்துறது குத்தமெண்டா என்னப் பிடி. இவர விடு."

பிறகு கணவரிடம் வந்தார். அப்படி ஒரு குரலில் அவர் அண்ணனோடு பேசி நான் கேட்டதில்லை. "இஞ்சருங்க. சட்டையத் தூக்குங்க."

ஊருக்குத் தண்ணீர் திறந்த விதானையார் சட்டையைத் தூக்கினார்.

6

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. டொக்டர் சொன்ன நேரத்துக்கெல்லாம் சீனி பார்க்க வேண்டியிருந்தது. இளநீர் நின்று வெறும் தண்ணீர் வந்தது. கஞ்சி கரண்டிக் கணக்கில் இறங்கியது. அபிரா தன் போனில் இலங்கை நேரத்துக்கு மணி வைத்து, அது அடிக்கிறபோதெல்லாம் "மாமி, சீனி?" என்று இரண்டே சொல்லில் மச்சாளுக்குச் செய்தி போட்டாள். மச்சாள் எண்ணை மட்டும் திருப்பி அனுப்புவார். அவர்கள் இருவரும் அவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஒரு தரம் ஒட்சிசன் இறங்கி, அம்புலன்ஸைக் கூப்பிடும் அளவுக்குப் போய், திரும்பி ஏறியது. சீனி மெல்ல இறங்கியது. அம்மாளைக் குளிரவைக்கிற குளிர்த்திப் பாட்டைப் பாடி, கோயில் கதவு பூட்டிய பிறகு ஒரு காலை அண்ணன் எழுந்து கதிரையில் உட்கார்ந்து, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

ஆனால் உயிர் பிழைத்த மனிதர் மனைவிக்கு ஒரு நல்ல சொல் சொல்லவில்லை. "அம்மாள் இருந்த உடம்பில குத்திப்போட்டாய்" என்றார். அடுத்த வருஷம் கதவு திறந்தபோது, தீட்டுப்பட்ட உடம்போடு எப்படிப் போவது என்று கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டார். வைகாசியில் கோயிலுக்குப் போகாத விதானையை ஊர் அதற்கு முன் கண்டதில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. போனில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கலாம் என்று எழுந்தேன். மச்சாள் தடுத்துவிட்டார். "விடு மச்சி. அவர்ர பயம் அவருக்கு. என்ட பயம் எனக்கு."

ஆம், மச்சாளுக்கும் பயம் இருந்தது. குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அல்லவா குத்தினார். எங்கள் பக்கத்தில் கண் நோய் மாறினால் வெள்ளியில் கண் செய்து கோயிலுக்குக் கொடுப்பார்கள், கால் நோவு மாறினால் வெள்ளியில் பாதம். மச்சாள் நகை செய்கிறவரிடம் போய் வெள்ளியில் ஊசி கேட்டிருக்கிறார். சுண்டுவிரல் நீளத்தில், பின்னால் அமுக்குகிற தண்டோடு. "இதென்ன உரு? இப்பிடி ஒண்டு நான் செஞ்சதேயில்லையே" என்று அவர் கேட்க, "நானும் கொடுத்ததில்ல, செய்யுங்க" என்றாராம்.

அந்த வைகாசியில் அதைக் கட்டாடியார் தட்டில் வாங்கி, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். மச்சாள் நடந்ததைச் சொல்லி, "குத்தமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

கட்டாடியார் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் சீனிதான் பிள்ள" என்றாராம். "கதவு திறந்த நாளெல்லாம் நான் குளிசை போடுறல்ல. கதவு பூட்டினாப் பொறகு தலைசுத்தி விழுந்து எழும்புறது. ஒவ்வொரு வருஷமும் அப்பிடித்தான். இத அம்மாள்ர காலடியில வைக்கிறன். அம்மாள் தட்டிவிடாட்டி நானும் இண்டைக்குக் குளிசை போடுறன்."

வெள்ளி ஊசி அம்மாளின் காலடியில் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் கதவு திறக்கும் முன் கோயில் ஒலிபெருக்கியில் கட்டாடியார் ஒரு அறிவித்தல் கொடுக்கிறார். சீனி வருத்தக்காரர் ஊசியையும் குளிசையையும் நிறுத்தக்கூடாது, விரதம் பிடிக்கிறவர்கள் டொக்டரிடம் கேட்டுப் பிடிக்க வேண்டும், காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டில் இருந்து கும்பிட்டால் போதும். மச்சாள் அந்தக் குரலைப் பதிந்து எனக்கு அனுப்பியிருக்கிறார். பின்னணியில் பறை அடிக்கிற சத்தமும் கேட்கும்.

அந்த ஒலிபெருக்கி அண்ணனின் வாசலிலும் கேட்கும். ஆனாலும் அவர் போகவில்லை.

7

எனக்கு இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை டொக்டரிடம் போக வேண்டும். போகாவிட்டால் காப்புறுதிக்காரர் கடிதம் போடுவார்கள். பெருவிரலில் ஒரு இசைக்கவையைத் தட்டி வைத்து, அதிர்வு தெரிகிறதா, இப்போதும் தெரிகிறதா, நின்றுவிட்டதா என்று கேட்பார்கள். கண் மூடிக்கொண்டு பதில் சொல்லும்போது அப்பாவின் பெருவிரல் நினைவு வரும். என்னை இழுத்துப் பிடித்து உட்கார வைத்துக் காலைப் பார்க்கிற இந்த நாட்டின் தொல்லைக்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் இங்கேயும் காய்ச்சல் வந்தால் பெக்கர் அம்மையார் போர்வையை இழுத்துக்கொள்கிறார். அவருக்கு அம்மாள் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறோம் என்று கேட்டு, அந்தப் பயத்தோடு பேசுகிற ஒருவர் ஒவ்வொரு கட்டிலோரமும் வேண்டும். அதைச் செய்ய எனக்குச் சான்றிதழ் தேவையில்லை. நான் ஓய்வு பெறும்வரை செய்வேன்.

செவ்வாய்க்கிழமை பெக்கர் அம்மையார் கடைசியில் கையை நீட்டினார். "நீ கத்துகிறதை நிறுத்துவாய் என்றால்" என்று நிபந்தனை போட்டுத்தான் நீட்டினார். வெள்ளிக்கிழமை எழுந்து உட்கார்ந்து, ரொட்டி காய்ந்துபோயிருக்கிறது என்று சமையலறையைத் திட்டினார். நல்ல அடையாளம்.

அபிரா இப்போது கொலோனில் தனியாக இருக்கிறாள். வாரத்தில் ஒருநாள் கூப்பிடுவாள், அதுவும் ஜெர்மனில். வைகாசி என்றால் என்ன மாதம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மாமாவுக்காக வைத்த அந்த மணியை அவள் போனிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. போன மாதம் இங்கே வந்திருந்தபோது அது அடித்தது. நான் பார்த்தேன். அவள் அதை விரலால் அமத்தினாள்.

இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது மச்சாளிடமிருந்து ஒரு படம் வந்தது. கோயில் தட்டு. பூ, வேப்பிலை, வெள்ளிக் கண்கள், ஒரு பாதம். நடுவில் அந்த ஊசி, கொஞ்சம் கறுத்துப்போய். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஊசி, பளபளவென்று புதிது.

"இது ஆர்ர மச்சாள்?" என்று எழுதினேன்.

மச்சாள் எழுதவில்லை, பதிலைக் குரலில் அனுப்பியிருந்தார். கோயில் இரைச்சலுக்கு நடுவே, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினார்.

"அவர்ர. தானே செய்விச்சுத் தானே கொண்டு வந்திரிக்கார். பூமணிட ஊசிக்குப் பக்கத்தில வைங்க எண்டு கட்டாடியாருக்குச் சொன்னார். இப்ப எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறார். நீ ஒண்டும் கேக்காத மச்சி."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து, அம்மாளுக்கு முன்னால் நின்று என் குளிசையைப் போட்டுக்கொண்டு, ரயிலுக்கு ஓடினேன்.